பீரோவுக்குள் பச்சை

துறைமுகத்தில் கிரேன்களுக்கு வயரிங் பார்த்த கை. அந்தத் திமிரில்தான் காற்றின் தூசியை அளக்கும் கருவியை நானே செய்தேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சென்சார், குட்டி விசிறி, வைஃபை போர்டு. அதை வீட்டு ஸ்மார்ட் சிஸ்டத்தோடு இணைப்பதற்குள் மூன்று நாள் உயிர் போய்விட்டது.

அந்த சிஸ்டம் மருமகன் போட்டுக் கொடுத்தது. மூச்சிழுப்பு தாங்காமல் மனைவி மாதவரத்தில் மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம். ஒற்றை அறை வீடு, நானும் போய் ஒட்டிக்கொள்ள இடமில்லை. இங்கே எண்ணூரில் நான் விளக்கை அணைக்க மறந்தால் அங்கிருந்தே போனில் அணைத்துவிடுவாள். சண்டை போட ஆளில்லாத வீட்டில் எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். சில நாள் வேண்டுமென்றே எரியவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"காத்து நல்லாச்சின்னா வர்றேன்" என்று சொல்லியிருந்தாள். அதை அவள் போனிலேயே காட்டிவிடலாம் என்றுதான் இத்தனை பாடு. தூசி அதிகமென்றால் போனில் சிவப்பு, குறைந்தால் பச்சை. ஜன்னலில் வைத்தேன், சிவப்பு. ஹாலில் வைத்தேன், சிவப்பு. காலையில் துடைத்த தரையில் சாயங்காலம் சாம்பல் படிந்து கால்தடம் பதிகிற ஊரில் வேறென்ன வரும்? எரிச்சலில் பவர் பேங்கோடு டப்பாவைத் தூக்கி, மர பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"யோவ், பச்சையா கீதே! நெசமாவா?"

"ஆமாமே."

"அப்ப ஞாயித்துக்கெயம வந்துடறேன். பையெல்லாம் கட்டிக்கினு கீறேன்."

சிரித்துச் சிரித்துப் பேசினாள். நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை. இங்கே இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள்.

போனை வைத்ததும் பீரோவைத் திறந்து, டப்பாவை எடுத்து ஜன்னலில் வைத்தேன். மறுபடி போன்.

"இன்னாய்யா, செவந்துட்ச்சி?"

"பீரோல வெச்சிருந்தேன்மே. இதான் நெசம்."

கட்டிய பையை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த பீரோல கீற பொடவைங்கள ஞாயித்துக்கெயம எடுத்துகினு வா" என்றாள்.

எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவற்றை அவள் கேட்டதில்லை. திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுப்போனவை.