ஏழு மயில், ஏழு பொட்டலம்

பறவைக்கு வியாதி என்றால் மூஞ்சியைப் பார்த்துப் பயனில்லை, எச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கால்நடை டாக்டர் தொழிலில் மாட்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

பெருக்கிய கூண்டு

அறுபதுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு ஆலைக் குடியிருப்பு. அதன் பூங்காவில் பத்து மயில். ஒரே மாதத்தில் மூன்று செத்தன. மூன்றாவதை அறுத்தேன். குடல் முழுக்கப் புழு, சேமியாவைத் திணித்த மாதிரி. "இன்னொன்று செத்தால் கூண்டை மூடிவிடுவேன்" என்றார் மேனேஜர். மூடினால் மயில்களைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் என்பவனுக்கு வேலை இல்லை. ராயபுரத்து ஆள், என் வயசு, வீட்டில் ஐந்து வாய்.

மிச்ச ஏழின் எச்சம் வேண்டும், காலையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போனால், தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறான். எச்சம் பேருக்குக்கூட இல்லை. கத்தினேன்.

"இன்னா சார் நீ, டாக்டரு வர்றாருன்னா கலீஜா வுட்டு வைப்பாங்களா?"

தக்காளி விதை

"ஒவ்வொன்றையும் தனிக் கூடையில் அடை. ஏழு பொட்டலம், நம்பர் போட்டுக் கொண்டு வா" என்றேன். வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றில்கூடப் புழு முட்டை இல்லை. ஏழிலும் தக்காளி விதை. மயிலுக்குத் தக்காளி போடுவதே கிடையாது.

ஆரோக்கியத்தைப் பிடித்து உலுக்கினேன். அவன் செல்லமாக வளர்த்த பெட்டை ஒன்று. தக்காளியும் சோறும் கையாலேயே ஊட்டுவானாம். தரையில் அது பொறுக்குவதே இல்லை. ஏழு பொட்டலமும் அதனுடையது! அடிக்கக் கை ஓங்கினேன், ஓங்கியபடியே நின்றேன். தரையில் தின்னாத மயிலுக்குப் புழு இல்லை. அப்படியானால் முட்டை கிடப்பது மண்ணில்.

"மத்ததுங்க கொத்துது சார். இது கேட்டா குடுக்குது."

மண்வெட்டி

மற்ற ஆறின் எச்சத்தை நானே எடுத்தேன். ஆறிலும் முட்டை. குடிதண்ணீரில் மருந்து கலந்தேன். புழு கொத்துக் கொத்தாக விழுந்தது. மேனேஜருக்கு அது போதும். எனக்குப் போதாது. அதே மண்ணில் பொறுக்கினால் மறுபடி அதே புழு. மண்ணை ஒரு முழம் வெட்டி எடுக்க ஆள் கேட்டேன். தரவில்லை. நானும் ஆரோக்கியமும் இறங்கினோம். மூன்று நாள். அள்ளியதைத் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். புது மணல் கொட்டி, தீனியை இடுப்பு உயரப் பலகைக்கு ஏற்றினோம். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை மருந்து.

அடுத்த மாதம் ஏழு மயிலும் உயிரோடு நின்றன. எச்சத்தில் முட்டை இல்லை. கூண்டை மூடும் பேச்சும் இல்லை. மேனேஜர் வந்தார், மயிலைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார்.

"மருந்தே போதும்னு நான் அப்பவே சொன்னேனே டாக்டர்!"

ஆக, புழுவை விரட்ட ஒரு பாட்டில் மருந்து போதும். அந்த மருந்து பலிக்க இரண்டு பேர் முதுகு ஒடிய வேண்டும்.