தண்ணீர் துரையின் குடும்பப் பெயர்

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ரஷ்யாவில் அது ஒரு குடும்பப் பெயர். எங்கள் பக்கத்துச் சில கிராமங்களில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்ட பெயர். அங்கிருந்து இங்கே அது எப்படி வந்தது என்பதை நான் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அன்று முன்னும் பின்னுமாக உளறியதை இப்போது வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். தர்மபுரி அப்போது தனி ஜில்லா ஆகவில்லை, சேலத்தோடு சேர்ந்திருந்தது. பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குச் சத்துணவு, கர்ப்பிணிகளுக்கு ஊசி, புகையில்லாத அடுப்பு என்று எடுத்துச் சொல்வது என் வேலை. யாரும் லேசில் நம்பமாட்டார்கள். அடுப்பைப் பற்றிப் பேசினால், "அடுப்புக்கு வரி போடப் போறீங்களா?" என்று கேட்பார்கள். கிணறுகள் வற்றிய ஒரு வருஷத்தில் தண்ணீருக்காகத் தரையில் ஆழமாகத் துளையிட்டுப் போர் போடும் வண்டி வந்தபோதும் அப்படித்தான். மண்ணுக்குள் புதையல் தேட வந்திருக்கிறார்கள் என்று சிலர். தண்ணீர் வந்தால் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சிலர்.

வண்டியோடு ஒரு ரஷ்ய என்ஜினீயர் வந்திருந்தார். எங்கே துளை போடுவது என்று சொல்பவர் அவர். வெயிலில் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். யார் வீட்டில் கூப்பிட்டாலும் உட்கார்ந்து களி சாப்பிடுவார், பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மலையாளி இளைஞர் கூடவே இருந்தார். வண்டியில் வந்தவர்கள் அவரை ஒரே ஒரு பெயரால் கூப்பிட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதற்கப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். ஆகவே கூப்பிடுகிற பெயர்தான் அவருடைய பெயர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

துளையில் முதலில் சேறு பொங்கும், அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிவாகத் தண்ணீர். அதைப் பார்த்த ஊர்களில் அந்த வருஷம் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஓர் ஊரில் பெண் குழந்தைக்கும் வைத்தார்கள். தண்ணீர் வராமல் வெறும் புழுதியாகப் போர் புகைந்துபோன ஊர்களில் அந்தப் பெயர் கிடையாது. பெயர் வாயில் நுழையவில்லை என்று பெண்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பேன். நானும் அப்போது மாசமாக இருந்தேன். என் மாமியாருக்குத் தன் குலசாமி பெயர் வேண்டும், என் அம்மாவுக்குத் தன் குலசாமி பெயர் வேண்டும். பஸ் கண்டக்டரான என் வீட்டுக்காரர் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிச் சலித்துப்போய், "ரெண்டு சாமியும் வேணாம், தொரை பேரையே வச்சிடலாம்" என்றார். பையன் பிறந்தான். அதையே வைத்தோம்.

என்ஜினீயர் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் காட்டினோம். விஷயம் தெரிந்ததும் காதெல்லாம் சிவக்கச் சிரித்தார். மலையாளி இளைஞர் சொன்னார்: "இது இவரோட பேர் இல்லை, அம்மா. குடும்பத்தோட பேர். இவங்க அப்பாவுக்கும் இதுதான், சித்தப்பாவுக்கும் இதுதான். அந்தக் காலத்துல கொல்லு வேலை செஞ்சவங்க வழியில வர்ற பேர். அந்த நாட்டுல தெருவுக்குத் தெரு இருக்கும்."

பக்கத்திலிருந்த பெரிய வீட்டு மனிதர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொல்லன் வூட்டுப் பேரா? எம்மவனுக்கா?" என்றார். அந்த வாரமே அவர் வீட்டில் பெயர் மாறியது. மற்றவர்கள் மாற்றவில்லை. "கொல்லனா இருந்தா என்னா, தண்ணி வந்துச்சில்ல?" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் மகனும் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தான்.

பிறகு அந்தப் பெயர் தானாக நடமாடத் தொடங்கியது. கட்டட வேலைக்குப் பெங்களூர் போன குடும்பங்களோடு போனது. கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம் போன ஒரு பெண், தம்பியின் பெயரைத் தன் மகனுக்கு வைத்தாள்; அங்கே கன்னடக்காரர்கள் அதை வேறு மாதிரி இழுத்துக் கூப்பிட்டார்கள். பிறகு போட்ட போர்களுக்கெல்லாம் நம் ஆட்களே வந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் மகன் தர்மபுரியில் கல்லூரிக்குப் போனான். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போவான். எங்கே என்று கேட்டால், "சும்மாம்மா." ஒரு நாள் திடீரென்று கேட்டான்: "அம்மா, மலையடிவாரத்து ஊர்லயும் அந்தத் தொரை போர் போட்டாரா?" எதற்கு என்று கேட்டால் சிரிப்பு. முதலில் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தேன். துவைக்கப் போடும் சட்டைப் பைகளைத் துழாவினேன். பஸ் டிக்கெட்டும் கடலைத் தொலியும்தான் இருந்தன. அந்த நாட்களில் எங்கள் பக்கம் இளவட்டங்கள் சிலர் நக்சல் கட்சியில் சேர்ந்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. மப்டியில் போலீஸ் சுற்றுவதாகவும் சொன்னார்கள். பெண் விவகாரமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவன் செய்தது இதுதான். கல்லூரி மைதானத்தில் தன் பெயருள்ள இன்னொருவனைப் பார்த்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவனைத் தேடியிருக்கிறார்கள். தண்ணீர் வந்த ஊர்களை விசாரித்துப் போனால் அங்கே ஒருவன் இருப்பான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் ஒரே பெயருள்ளவர்களாகச் சேர்ந்து ஒரு வாலிபால் டீம்! பாப்பாரப்பட்டியில் நடந்த போட்டியில் மைக்கில் அறிவித்தவர், "சர்வீஸ் போடுவது…" என்று அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, "எடுப்பதும் அவரே, அடிப்பதும் அவரே" என்று கிண்டலடித்தாராம். கூட்டம் விசிலடித்ததாம். எனக்கு இதில் ஒன்றும் அன்று தெரியாது.

போட்டி முடிந்து திரும்பும்போது, நக்சல்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ் வழியில் பஸ்ஸை நிறுத்தியது. பையன்களை இறக்கிப் பெயர் கேட்டார்கள். முதல் பையன் சொன்னான். இரண்டாவது பையனும் அதையே சொன்னான். மூன்றாமவனும் சொன்னபோது கான்ஸ்டபிள் கை ஓங்கிவிட்டார். ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டுக்காரரின் சிநேகிதர். நேராக வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்க பையனை எறக்கிட்டாங்க. நக்சல் கட்சியில ரகசியமா வச்சிக்கற பேருன்னு சொல்றாங்க. சீக்கிரம் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் பெங்களூர் டூட்டிக்குப் போயிருந்தார். நான் தனியாகப் போனேன்.

ஸ்டேஷன் வாசலில் எனக்கு முன்பே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி வத்தல்மலை அடிவாரத்துக்காரி, காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தவள், இடுப்பில் அரிவாள். இன்னொருத்தி ரேஷன் பையோடு வந்திருந்தாள். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். முதலில் அரிவாளை வாங்கி வைக்கச் சொன்னார். பிறகு அவளிடம் கேட்டார்.

"உம் மவன் பேரென்னம்மா?"

சொன்னாள்.

"யாரு வச்சது?"

"எங்கூருக்குப் போர் போட்ட தொரை பேருங்க, சாமி."

"எந்த நாட்டுத் தொரை?"

"அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? செவப்பா இருப்பாரு. எங்க வூட்ல களி தின்னாரு."

ரேஷன் பைக்காரி குறுக்கே விழுந்தாள். "பம்பாய்க்காரர்னு சொன்னாங்க, சாமி."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. எந்த நாடு?"

பொய் சொன்னால் பிறகு விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். "ரஷ்யாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மேஜைக்கு முன்னால் நின்றவர்களில் அந்த நாடு எதுவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவே பெரிய குற்றம் போல ஆகிவிட்டது.

"இவங்களுக்கெல்லாம் அந்தப் பேரை யாரு சொல்லிக் குடுத்தது?"

மலையடிவாரத்துக்காரி எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு முந்திச் சொன்னாள்: "இந்தச் சேவிகா அம்மாதாங்க. எங்களுக்கு நாக்குல வரலைன்னு எத்தினி தரம் சொல்லிக் குடுத்தாங்க, தெரியுங்களா? நல்ல அம்மாங்க."

"அப்ப ஊர் ஊரா இந்தப் பேரைக் கொண்டுபோனது நீங்கதான்." அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

என் மகனை மட்டும் தனி அறைக்கு மாற்றினார்கள். சொல்வது உண்மையா என்று ஊர்களில் விசாரித்து வர ஏட்டை அனுப்பினார்கள். அவர் மறுநாள்தான் திரும்பி வந்தார். அதுவரை வாசல் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மற்ற இரண்டு பேரும் என்னோடு பேசினார்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் களி தின்ற மனிதர் உண்மையில் எதற்குத்தான் வந்தார் என்று எனக்கே அப்போது சந்தேகம் வந்தது. தண்ணீருக்காகத்தான் வந்தாரா? அந்த மலையாளி இளைஞர் யார்? பதினேழு பதினெட்டு வருஷமாகத் தோன்றாத கேள்வியெல்லாம் தோன்றியது.

ஏட்டு வந்தார். உள்ளே அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நெசந்தாங்க ஐயா. பம்பு இருக்கற ஊர்லல்லாம் அந்தப் பேரு இருக்குங்க. ஒரு பொட்டப்புள்ளைக்கும் வச்சிருக்காங்க. ஒரு வூட்ல காளை மாட்டுக்கே வச்சிருக்காங்கய்யா. கூப்ட்டா திரும்பிப் பாக்குதுங்க."

"காளையை மட்டும் ஏன்யா உட்டுட்டு வந்த?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே நாங்களும் சிரித்தோம். விடப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பையன்கள் வெளியே வந்தார்கள். என் மகன் கடைசியாக வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "பேரை மாத்துங்கம்மா. உங்களுக்கும் உத்தியோகம் இருக்கு" என்று சப் இன்ஸ்பெக்டர் எனக்குப் புத்தி சொன்னார்.

மற்ற வீடுகளில் உடனே மாற்றினார்கள். அந்தப் பெண் குழந்தை கல்யாண வயதுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு சாமி பெயர் வந்தது. காளையைக்கூட இப்போது வேறு பெயரில் கூப்பிடுகிறார்களாம். வந்த வேகத்தைவிட வேகமாக எங்கள் பக்கத்தை விட்டு அந்தப் பெயர் போய்க்கொண்டிருந்தது.

என் மகன் மட்டும் பெயரை மாற்றுவதைப் பற்றியோ ஸ்டேஷனில் நடந்ததைப் பற்றியோ பேசவே இல்லை. எங்கள் தெருமுனை டீக்கடையில் புதிதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பால்காரர், "பையன் காலேஜுக்குப் போறானுங்களா?" என்று கேட்டால், இவர் ஏன் கேட்கிறார் என்று நாளெல்லாம் யோசிப்பேன். இப்படி இருக்கையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவனுடைய கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க பையன் கிளாஸுக்கே வர்றதில்லையேம்மா. அட்டெண்டன்ஸ் கொறைஞ்சா பரீட்சை எழுத முடியாது" என்றார்.

காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறான், சாயந்திரம் காலி டப்பாவோடு வருகிறான். கல்லூரிக்குப் போகாவிட்டால் எங்கே போகிறான்? அப்படியானால் போலீஸ் சந்தேகப்பட்டதில் ஏதோ இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயந்திரம் அவன் உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"எங்கடா போற தினமும்? யாரைப் பாக்கப் போற?"

"காலேஜுக்குத்தாம்மா."

"பொய் சொல்லாத. உங்க சார் சொல்லிட்டாரு."

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "கிளாஸ்லதாம்மா இருக்கறேன். கடைசி பெஞ்சுல. அட்டெண்டன்ஸ்ல பேரைக் கூப்புடறப்ப 'எஸ் சார்'னு சொல்ல வரல. அந்தப் பேரு காதுல உழுந்ததும் தலையைக் குனிஞ்சிக்கறேன். அவரு ஆப்சென்ட் போட்டுட்டுப் போயிடறாரு."

அவனே சொன்னான்.

"அந்த ரூம்ல பேரு கேட்டாங்க. சொன்னேன். அடிச்சாங்க. நெசப் பேரைச் சொல்லுடான்னாங்க. அதாம்மா நெசப் பேரு, வேற எதைச் சொல்றது? மறுபடி கேட்டாங்க, மறுபடி அடிச்சாங்க. கடைசில அப்பா பேரை எம்பேருன்னு சொல்லிட்டேன். அப்பறம் அடிக்கல. எழுதிக்கிட்டாங்க."

எழுதிக்கொண்டார்கள் என்றால், அந்தப் பெயர் கட்சிப் பெயர்தான் என்று இவனே ஒத்துக்கொண்டது போல அங்கே ஒரு காகிதத்தில் இருக்கிறது. விட்டுவிட்டார்கள், ஆனால் அது அங்கேயே இருக்கிறது. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தேன். தழும்பு எதுவும் தெரியவில்லை.

"மாத்திடும்மா" என்றான். "என்னா பேருன்னாலும் பரவால்ல. நீயே வை."

கெஜட்டில் போட்டு மாற்றுவதற்கு வழி விசாரித்துவிட்டேன். பெயர்தான் முடிவாகவில்லை. மாமியார் சொன்ன சாமி பெயர் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரில் ஒரு பையனைப் போன மாதம் எங்கோ பிடித்ததாக யாரோ சொன்னார்கள். அம்மா சொன்ன பெயரில் பக்கத்துத் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரோடு பழகுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயரையும் நினைத்ததும் அது இன்னும் யார் யாருக்கு இருக்கிறது என்று விசாரிக்கிறேன். பரீட்சைக்குப் பணம் கட்டும் நாள் நெருங்குகிறது. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்கிறார். மகன் தினமும் கல்லூரிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.