அட்டையில் எழுதிய முப்பத்திரண்டு எழுத்து

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிடிபி கடை வைத்திருந்த அமிர்தலிங்கத்துக்கு ஊரில் இரண்டு பெயர். நேரில் 'சார்'. அந்தப் பக்கம் போனதும் 'சிடி சாமியார்'. கோர்ட் வாசலில் மனு அடித்துக் கொடுத்துப் பிழைப்பைத் தொடங்கியவர். ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்றை சிடியில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். அதைச் செய்தவர்களே எல்லாவற்றையும் திறந்து வைத்து, யாரும் காப்பி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஓசியில் கொடுத்தால் ஊர் விடுமா? எலக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்றுகூடப் பேசினார்கள்.

ஒவ்வொரு சிடியின் அட்டையிலும் எண்ணும் எழுத்துமாக முப்பத்திரண்டு எழுத்தில் ஓர் அடையாள நம்பர் எழுதுவார். சிடிக்குள் ஒரு புள்ளி மாறினாலும் அதைப் படித்துக் கம்ப்யூட்டர் காட்டும் நம்பர் மாறிவிடும். "வாங்குனதும் சரி பாருங்க" என்பார். "நீங்க குடுத்தா போதாதா சார்?" என்பார்கள். அந்தச் சொல் அவருக்கு இனித்தது.

2005 பங்குனியில், தா.பழூரில் டைப்பிங் சென்டர் நடத்தும் கொளஞ்சியம்மாள் சிடியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இதைப் போட்ட மறுநாளு கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லண்ணே. பதினோரு புள்ளைங்க புராஜெக்ட்டு. மூணு மாசம் அடிச்சது. திங்கக்கெழம காலேஜ்ல குடுக்கணும்."

பக்கத்து டீக்கடைப் பெரியசாமி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "நடுவுல எவனாச்சும் வைரஸோட காப்பி எடுத்துக் குடுத்திருப்பாம்மா. சார் சிடியில அதெல்லாம் வருமா?" சொல்லிவிட்டு அமிர்தலிங்கத்துக்குக் கண்ணைக் காட்டினார்.

அமிர்தலிங்கம் சிடியைப் போட்டார். நம்பர் ஒத்துப்போனது. அவர் கொடுத்த அதே சிடி. நடுவில் எவனும் இல்லை. திரை அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. நம்பர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பேர் தப்பிக்கும்.

"சரியாத்தாம்மா இருக்கு. நான் குடுத்ததுதான்."

பெரியசாமி டீயைக் குடிக்க மறந்தார்.

"இந்த நம்பரு ஒங்களுக்கு யாருண்ணே குடுத்தா?"

"இதைச் செஞ்சவங்க சைட்டுல போட்டிருப்பாங்க. அதைத்தான் எழுதணும். அன்னைக்கு நெட்டு வரல. திருச்சியில தெரிஞ்சவர்கிட்ட காப்பி வாங்கினேன். அந்தக் காப்பிக்கு என் கம்ப்யூட்டர் காட்டுன நம்பரையே எழுதிட்டேன். அவரைச் சந்தேகப்படவா முடியும்?"

"நாங்களும் அப்டித்தாண்ணே வாங்குனோம்" என்றாள் அவள்.

மூன்று நாள் கடைக்கு வேறு வேலை எடுக்காமல், பிள்ளைகளின் கையெழுத்து நோட்டுகளை வைத்து அவரும் கொளஞ்சியம்மாளும் அடித்தார்கள். ஒன்பது முடிந்தது. நோட்டைத் தொலைத்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வருஷம் போனது போனதுதான்.

பிறகு அமிர்தலிங்கம் ஊர் ஊராகப் பஸ் ஏறினார். "அதுல வைரஸ் இருக்கு, நான்தான் குடுத்தேன்" என்று அவர் வாயாலேயே சொல்லி, கொடுத்த சிடியையெல்லாம் திரும்ப வாங்கினார். சிறுவாச்சூரில் ஒருவர் அதை ரோட்டில் வீசினார். குனிந்து எடுத்துக்கொண்டார். ஊர் அவரை 'சார்' என்பதை விட்டுவிட்டது.

ஆடியில், மென்பொருளைச் செய்தவர்கள் சைட்டில் போட்டிருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்துப் புது சிடிகள் தயார் செய்தார். வாங்க வந்தது கொளஞ்சியம்மாள் மட்டும்தான். சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, சைட்டுல நானே போயிப் பாத்தேன். சிடிய போட்டும் பாத்தேன். முப்பத்திரண்டும் சரியா இருக்கு. இப்பத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன்."

"என்னை நம்பலையாம்மா?"

"நீங்கதானண்ணே பாக்கச் சொன்னீங்க!"

அமிர்தலிங்கம் வாடிக்கையாளர் நோட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே 'சரி பார்த்தவர்' என்று எழுதினார். அந்த நோட்டில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.