எர்சிலியா சொன்ன "இல்ல"

எர்சிலியா திபாகிராவுக்கு "இல்லை" என்று சொல்லவே வராது. பொகோதா சமவெளிக்காரர்களான எங்கள் எல்லோருக்குமே அந்தக் கூச்சம் உண்டு. தண்ணீர் கேட்டாலும் மன்னிப்புக் கேட்போம், மறுத்தாலும் மன்னிப்புக் கேட்போம். இவள் ஒரு படி மேல். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்டவள்.

பத்தொன்பது வருடம் ஒரே ரோஜாப் பண்ணையில், குளிரறையில் இருவரும் பெட்டி கட்டினோம். ஒரு மே மாதம், ஏற்றுமதிக்குப் போன பெட்டி ஒன்றில் விமான நிலையத்து நாய் போதைப் பொட்டலத்தை மோப்பம் பிடித்துவிட்டது. பெட்டியைத் தொட்ட அத்தனை பேரையும் பொய் பிடிக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். தேறாவிட்டால் வேலை போகும். எர்சிலியா வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மூன்று வயிறுகள்.

மெஷினோடு வந்தவர் கடற்கரை ஊர்க்காரர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். பெயர் இதுதானே, ஊர் இதுதானே என்று கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் "ஆமா" என்பதால் மெஷின் தாளில் ஓடிய கோடு சும்மா இருந்தது. பிறகுதான் பொட்டலத்தை வைத்தது நீங்களா என்று கேட்டிருக்கிறார்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர், நான் இல்லீங்க" என்றாளாம்; பெரிய ஆள் யாரானாலும் எங்களுக்கு டாக்டர்தான்.

"எதுக்கும்மா மன்னிப்பு? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு போதும்."

பெரிய மனிதர் முகத்துக்கு நேரே மொட்டையாக "இல்ல" என்று சொல்ல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியதாம், நெஞ்சு படபடவென்று அடித்ததாம். மூன்று தடவை கேட்டார்; மூன்று தடவையும் கோடு எகிறியது. பொய் என்று எழுதிவிட்டார். நான் எப்படித் தேறினேன் என்று எனக்கே தெரியாது. லாரியில் பெட்டி ஏற்றும் வில்மார், அந்தக் கல்லுளிமங்கனும் தேறினான்.

மறுநாளே அவளை அனுப்பினார்கள். வாசலில் அவள் பையைக் கொட்டிச் சோதித்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏழு மாதம் ஊரார் துணி துவைத்தாள். அந்தப் பண்ணை நாசமாய்ப் போகட்டும் என்று தினமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக என்னிடமே சொன்னாள். டிசம்பரில் வில்மார் கையும் களவுமாகப் பிடிபட்டு, மே மாதத்துப் பொட்டலமும் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

பண்ணையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மேலாளர் காபி கொடுத்து, வேலை அவளுக்குத்தான் என்றாராம். ஆனால் சேருகிறவர்கள் எல்லோரும் மெஷினில் உட்கார வேண்டுமாம், அது விதியாம். நானாக இருந்தால் அந்த ஒயரையெல்லாம் அறுத்துப் போட்டிருப்பேன். அவள் போய் உட்கார்ந்தாள். வேறு வழி?

அதே மனிதர்தான். கடைசியாகக் கேட்டார்: "பண்ணை மேல மனசுல ஏதாவது கோபம் இருக்காம்மா?"

"இல்ல" என்றாள் எர்சிலியா.

கோடு அசையவில்லை. உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.