சபைக்குப் போன பணியாரப் பெட்டி

பாரிஸில், லா சப்பலில் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. அதற்கு முன்னால் எப்போதும் யாராவது ஓர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிரெஞ்சில் கடிதம் வந்தால் நம்மவர்களில் பாதிப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் உறையைக் கிழிக்காமலே என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். வதிவிட அனுமதி, பிள்ளைகளுக்கான உதவிப்பணம், வீட்டு மனு என்று பதினைந்து வருடமாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதனால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வாடகைக்கார்க்காரர்களிடம் மாவட்டச் சபை ஒன்று கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோரியிருக்கிறது என்று என் கணவர் வந்து சொன்னபோது, இதுவும் இன்னொரு படிவம்தானே என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

என் கணவர் வாடகைக்கார் ஓட்டுகிறவர். மத்தியானம் இரண்டு மணிக்குக் காரை எடுத்தாரென்றால் நேரே றுவாசி விமான நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்பார். ஒரு பயணி கிடைக்க மூன்று மணித்தியாலம், சில நாள் நான்கு. அவர் வீட்டுக்கு வரும்போது மகள் நித்திரை. மகள் பள்ளிக்கூடம் போகும்போது அவர் நித்திரை. மகளுக்கு அப்போது எட்டு வயது. வார நாட்களில் தகப்பனுடைய முகத்தை அவள் கைத்தொலைபேசியில்தான் கண்டாள். பள்ளிக்கூட ஓட்டம் கிடைத்தால் காலையும் பின்னேரமும் நேரத்துக்கு வேலை, இடையில் ஆஸ்பத்திரிப் பயணங்கள், மாலை ஆறு மணிக்கு மனிதர் வீட்டில். காசு கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் ஆசைப்படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறு மணி ஒன்றுதான்.

ஒரு காரோடு தனியாகப் போட்டிக்குப் போக முடியாது. எனவே கூசேன்வில்லில் இருக்கும் ஓர் அண்ணையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டோம். விமான நிலைய வரிசையில் என் கணவரோடு நின்று நின்று சிநேகமானவர். எட்டுப் பேர் ஏறக்கூடிய வான் ஒன்று வைத்திருந்தார். தங்கமான மனிதர். ஒரேயொரு குறை, ஒரு வேலையைச் சொல்லி அனுப்பினால் சொல்லாத இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வருவார்.

முதல் தடவை படுதோல்வி. "விலையைக் குறைச்சுப் போடுவம், தந்திடுவாங்கள்" என்றார் என் கணவர். போட்டோம். கைவசம் இருந்தது இரண்டு வண்டி, நாங்கள் மனுப் போட்டது நான்கு பகுதிகளின் ஓட்டத்துக்கு. சேவையைப் பற்றிய விளக்க அறிக்கையை நான் இணையத்தில் எங்கிருந்தோ பார்த்து எழுதினேன், வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வரியில் நிராகரிப்பு வந்தது. ஆண்கள் இருவரும், சபைக்காரர்கள் ஏற்கனவே ஆட்களை வைத்துக்கொண்டுதான் இதெல்லாம் நடத்துகிறார்கள் என்று சொல்லித் தேநீர் குடித்தார்கள். என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்று உண்டு: கடிதம் வந்தால் பதில் போட வேண்டும். ஏன் எங்களை விலக்கினீர்கள் என்று எழுதிக் கேட்டேன். கேட்டால் அவர்கள் சொல்லத்தான் வேண்டும், சட்டம் அப்படி. ஒரு பக்கத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நான்கு பகுதிக்கு இரண்டு வண்டி போதாது. சாரதிக்குச் சுகமில்லாவிட்டால் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கடிதத்தை என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் அதே சபை வேறொரு பகுதிக்குக் கேட்டது. ஏழு பிள்ளைகள், ஒரு பள்ளிக்கூடம். சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. பெரிய நிறுவனங்களுக்கு அது கடலைக்காசு, எங்களுக்கு அளவான உடுப்பு. அது ஒன்றுக்கு மட்டும் போட்டோம். விதிமுறைகளை இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். விலையை விடச் சேவையின் தரத்துக்குத்தான் கூடுதல் புள்ளி என்று அதிலேயே எழுதியிருந்தது. போன வருடமும் எழுதித்தான் இருந்தது, எங்களில் யார் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் இருவரையும் இருத்திவைத்துக் கேள்வி கேட்டேன். ஒரு பிள்ளை காரை விட்டு இறங்க மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?

"என்ன செய்யிறது, இருக்கிறதுதான்" என்றார் அண்ணை. "அதுக்கு மனம் வருமட்டும் பக்கத்திலை இருப்பன்."

அதை அப்படியே பிரெஞ்சில் எழுதினேன்: சாரதி காத்திருப்பார், ஆசிரியருக்கு அறிவிப்பார், பிள்ளையைத் தொட்டு இழுக்க மாட்டார். ஒரு பிள்ளைக்கு எப்போதும் ஒரே சாரதி. பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன், ஓகஸ்ட் கடைசி வாரத்தில் இரண்டு சாரதிகளும் ஏழு வீட்டுக்கும் போய் முகத்தையும் வண்டியையும் காட்டுவார்கள். அப்படியென்றால் ஒருவருக்குச் சுகமில்லாத நாளில் மற்றவர் வந்தாலும் பிள்ளைக்கு அந்நிய முகமாக இருக்காது. இருவரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் திரான்சியில் இருக்கும் ஒரு பழைய சாரதி வருவார், அவரையும் அதே வாரத்தில் காட்டுவோம். விலையை இந்தத் தடவை உண்மையாகப் போட்டோம். என் கணவர் கையெழுத்து வைக்கும்போது பெருமூச்சு விட்டார், நான் காதில் வாங்கவில்லை.

எல்லாவற்றையும் வியாழக்கிழமை இணையத்தில் ஏற்றினேன். ஏற்றியது பழுதானால் உதவட்டும் என்று ஒரு காப்புப் பிரதியை முத்திரையிட்ட உறையில் வைத்து வெள்ளி மத்தியானத்துக்கு முன் சபைக் கந்தோரில் கொடுக்கலாம். "நான் அந்தப் பக்கம்தான் போறன் தங்கச்சி, நானே குடுத்துவிடுறன்" என்றார் அண்ணை. கொடுத்தனுப்பினேன். பதினொரு மணிக்குத் தொலைபேசியில் வந்தார். "குடுத்தாச்சு. சிரிச்சுக்கொண்டு வாங்கினவை." அந்தச் சொல்லிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் ஓர் உறையை வாங்கும்போது எந்தக் கந்தோரில் சிரிக்கிறார்கள்?

மூன்று வாரம் கழித்துச் சபையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. என் முன்னால் ஒரு பெண் வீட்டு மனுவோடு உட்கார்ந்திருந்தாள். செய்தி சொன்னது இது: காப்புப் பிரதியோடு சேர்த்து, எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கென்று ஒரு பொதி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே எண்ணெயில் பொரித்த, உருண்டையான, மஞ்சள் நிற உணவுப் பொருள், ஏறத்தாழ நாற்பது. இது தெரிவின்மேல் செல்வாக்குச் செலுத்தும் முயற்சி எனக் கருதப்படக்கூடும். உங்களைப் போட்டியிலிருந்து ஏன் விலக்கக்கூடாது என்று ஐந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கவும். முன்னால் இருந்த பெண் தன்னுடைய மனுவில்தான் ஏதோ பிழை என்று பயந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, குடுத்தனான். பயத்தம் பணியாரம். என்ரை மனுசி விடிய எழும்பிச் சுட்டது. ஒரு வாசலுக்குப் போய் ஒண்டைக் கேக்கேக்கை வெறுங்கையோடை என்னெண்டு போறது?"

"அண்ணை, அது லஞ்சம் எண்டு எழுதியிருக்கினம்."

"பணியாரமோ?" என்றார் அண்ணை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருட வேலை, அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் நாற்பது பணியாரத்தில் போகப்போகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. ஆனால் எங்களுடைய ஆட்களில் வேறு யார் போயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் மேசைக்கு வருகிறவர்கள் யார் வெறுங்கையோடு வருகிறார்கள்? இடியப்பம், மாம்பழம், ஒருமுறை உயிர் நண்டு. நான் ஒன்றையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறேனா? சபைக்குப் போகிறவருக்கு இதைச் சொல்லி அனுப்பாதது என் பிழை. அந்த நினைப்பு வந்ததும் கோபம் இன்னும் கூடியது.

அன்று மாலையே இருவரும் கடைக்கு வந்தார்கள். நான் ஏற்கனவே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பொதி வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டது, அவர்தான் தவறாக விளங்கிக்கொண்டு அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார் என்று. நல்ல பிரெஞ்சு. சட்டப்படி எங்கேயும் பிடிபடாது. வாசித்துக் காட்டினேன். என் கணவர் தலையாட்டினார். அண்ணை ஆட்டவில்லை.

"அப்பிடி எழுதாதையும் தங்கச்சி. அந்த மேசைப் பிள்ளை ஒண்டும் பிழையா விளங்கேல்லை. நான்தான் அதிகாரி அம்மாவுக்கு எண்டு சொல்லிக் குடுத்தனான். பிறகு அந்தப் பிள்ளையின்ரை வேலை போகும். நான் செய்ததுக்கு என்னை வெட்டிவிடுங்கோ, நீங்கள் வேறை ஆளைப் போடுங்கோ."

மனுப் போட்ட பிறகு ஆளை மாற்ற முடியாது, விதி அப்படி. அந்த மனிதருக்கு முன்னால் என்னுடைய நல்ல பிரெஞ்சு எனக்கே அருவருப்பாக இருந்தது. கடிதத்தைக் கிழித்தேன்.

புதிதாக எழுதியது அரைப் பக்கம்கூட வராது. எங்கள் வீடுகளில் ஒருவர் எதையாவது கேட்டு இன்னொருவரின் வாசலுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. எங்கள் கூட்டாளியான இவர் தன் மகளின் ஆசிரியருக்கும், வைத்தியருக்கும், குழாய் திருத்த வந்தவருக்கும் இதையே கொடுத்திருக்கிறார். உங்களிடம் எதையும் வாங்குவதற்காக இவர் இதைத் தரவில்லை, இது எங்களுக்குப் பழகிப்போன மரியாதை. அது இங்கே குற்றமாகும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான், இவரிடம் சொல்லத் தவறியவளும் நான். உங்கள் ஊழியர் எந்தத் தவறும் செய்யவில்லை. இனி எங்கள் பக்கமிருந்து ஒரு குவளைத் தண்ணீர்கூட வராது. அனுப்பிவிட்டு, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எட்டு நாள் பதில் இல்லை. என் கணவர் வழக்கம்போல இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கதவு சாத்தும் சத்தத்தை இன்னும் எத்தனை வருடத்துக்குக் கேட்கப்போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் மனு தொடர்ந்து பரிசீலிக்கப்படும். பொதி, சுகாதார விதிகளின்படி அழிக்கப்பட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் கதிரையில் சாய்ந்தேன். அண்ணைக்கு வாசித்துக் காட்டியபோது அவருக்கு முன்பாதி காதில் ஏறவே இல்லை.

"கொட்டிப்போட்டினமோ? ஒண்டும் தின்னேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"மனுசிக்குச் சொல்லாதையும்" என்றார்.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. முதலாம் இடம். மூன்று தடவை வாசித்தேன், என் மேசைக்கு வருகிறவர்கள் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்பதுபோல. கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் றுவாசி வரிசையில் நின்றார். சொன்னேன். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"அப்ப இனி இஞ்சை நிக்கத் தேவையில்லையோ?" என்று கேட்டார். அவருடைய குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போன நாளில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். என் வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். பணியாரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. எல்லோரும் வண்டியைப் பற்றி எழுதியிருந்தார்கள், சாரதிக்குக் காய்ச்சல் வரும் நாளைப் பற்றி நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள் என்று மட்டும் சொன்னார். எங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் ஓகஸ்ட் கடைசி வாரத்தைப் பற்றி நாங்கள் எழுதியதுதான் என்று எனக்கு விளங்கியது. அந்த வாரம் வந்தபோது இருவரும் திரான்சிக்காரரும் ஏழு வீட்டுக்கும் போனார்கள். வெறுங்கையோடு. அண்ணைக்கு ஒவ்வொரு வாசலிலும் உடம்பு கூசியதாம்.

செப்டெம்பரில் முதல் நாள் ஓட்டம் முடிந்து ஆறு மணிக்குச் சற்று முன்பாகக் கதவு திறந்தது. நானும் மகளும் குசினி மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பழக்கத்தில் இரண்டு தட்டுத்தான் வைத்திருந்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, விருந்தாளி போல ஓரமாக நின்றார். எனக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. எழும்பி இன்னொரு தட்டு எடுத்தேன். மகள் அவரைப் பார்த்தாள். நீங்கள் நாளைக்கும் இந்த நேரத்துக்கு வருவீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம்" என்றார் அவர். "நாலு வருசத்துக்கு எழுதியிருக்கு."

அவள் ஒன்பதிலிருந்து விரல்களை மடித்துப் பார்த்தாள். அப்போது தனக்குப் பதின்மூன்று வயதாகியிருக்கும் என்றாள். பிறகு தன்னுடைய தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்து அவருக்கு இடம் விட்டாள்.