மாமன் வீட்டு எள்ளுருண்டை

பிள்ளைகளே, உங்கள் பெரிய அக்காவுக்குச் சின்ன வயதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆகாது. ஒரு பருப்பு வாயில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும். திண்டிவனத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மல்லாட்டைக் கொல்லைதான். அதனால் யார் எதைக் கொடுத்தாலும் எனக்குச் சந்தேகம்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒருமுறை விழுப்புரத்தில் இருந்த உங்கள் பெரிய மாமன் வீட்டுக்குப் போனோம். மாமன் ஒரு எள்ளுருண்டையை அப்போது குழந்தையாக இருந்த உங்கள் அக்கா கையில் வைத்தார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"எள்ளும் வெல்லமுந்தான் மாப்ளே. வேற ஒண்ணும் இல்ல," என்றார் மாமன்.

"எதுல இடிச்சீங்க மச்சான்?"

"உரல்லதான். பின்ன என் தலையிலயா இடிப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா மட்டும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை.

"அந்த உரல்ல அதுக்கு முன்னாடி என்னா இடிச்சீங்க?"

அடுப்படியிலிருந்து மாமன் மனைவி பதில் சொன்னாள். "காலையில மல்லாட்டைப் பொடி இடிச்சேண்ணே. ஆனா துணியால நல்லா தொடச்சிட்டேன்."

சிரிப்பு நின்றுபோனது. குழந்தை உருண்டை கேட்டு அழ ஆரம்பித்தாள். மாமன் எழுந்துபோய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"தோலு கிழியல, பாத்துக்கங்க. இதுக்குள்ள பூந்து நான் மல்லாட்டைய வெக்க முடியாது மாப்ளே. நீங்களே உரிச்சுக் குடுங்க."

அவர் விரலில் உருண்டையின் வெல்லம் ஒட்டியிருந்தது. என் விரலிலும்தான். பழத்தைத் தோலோடு கழுவி, என் கையையும் கழுவிக்கொண்டுதான் உரித்தேன். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியது மாமன்தான்.