மூன்றாகக் கேட்ட மேளம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பில், சுதந்திர தின அணிவகுப்பின் முன்வரிசையில் என்னை நிறுத்தினார்கள். போலியோ வந்த காலோடு தாங்கித் தாங்கி நடக்கும் அம்மா, அதைப் பார்க்க வருவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாள் ஒத்திகையிலேயே பி.டி. சார் என்னைப் பின்னுக்கு அனுப்பினார். மேளக்காரப் பையன் எந்த அடிக்கும் அழுத்தம் கொடுக்காமல், குழாய் சொட்டுவதுபோல ஒரே சீராக அடித்தான். எல்லோரும் இடது காலை ஓங்கி மிதித்தார்கள். நானோ மூன்று அடிக்கு ஒருமுறை மிதித்தேன்; ஒரு தடவை இடது, மறு தடவை வலது. எனக்கு மேளம் அப்படித்தான் கேட்டது.

“இன்னாடி, உன் காதுக்கு மட்டும் தனி மோளமா?” என்றாள் என் தோழி. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என் இடம் அவளுக்கு என்று சார் சொல்லிவிட்டார்.

பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் மாமா அன்று மாலை வந்திருந்தார். மேளத்தின் மேல்தான் தப்பு என்று அவரிடம் வாதாடினேன். அவர் அண்டாவைக் கவிழ்த்து, அதேபோல் சீராகத் தட்டினார்.

“எங்க கனமா வுயுதோ, அங்க கை தட்டுங்க.”

அப்பா இரண்டுக்கு ஒருமுறை தட்டினார். நான் மூன்றுக்கு. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு, யோசிக்காமல் என்னோடு மூன்றில் தட்டினாள். மாமா அவள் காலை ஒருமுறை பார்த்தார்.

“தப்பில்ல கண்ணு. அடிச்சி அடிச்சி எனுக்கு ரெண்டாவும் கேக்குது, மூணாவும் கேக்குது. நீ காதாண்ட சண்ட போடாத, காலாண்ட சொல்லு” என்றார்.

மறுநாள் முதல் அந்தத் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் காலோடு கால் சேர்த்தே பள்ளிக்கு நடந்தேன். தனக்கு வரவேண்டிய இடத்தைத் தானே கெடுத்துக்கொள்வதாக வழியெல்லாம் புலம்பினாள். தோளை மட்டும் விலக்கவில்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் திடீரென்று மேளம் இரண்டிரண்டாகக் கேட்டது. பையனும் மாறவில்லை, அடியும் மாறவில்லை. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

சுதந்திர தினத்தன்று அம்மா மைதானத்து ஓரமாக வந்தாள். ஒரு காலில் நிதானமாக, மறு காலில் சட்டென்று. தலையில் இட்லிக் கூடையும் இடுப்பில் கைக்குழந்தையாக நானுமாக, காலடிப்பேட்டையிலிருந்து கம்பெனி வாசல் வரை தினமும் விற்கப் போனபோதும் அப்படித்தான் நடந்திருக்கிறாள். நீளமாய் ஒன்று, அதில் பாதியாய் ஒன்று, எண்ணினால் மூன்று.

அண்டாவுக்கு அவள் கை தட்டியபோது, மகள் தோற்கக் கூடாதென்று என் பக்கம் சேர்ந்துகொண்டாள் என்றே நினைத்தேன். எனக்கு நடக்கத் தெரியுமுன்பே நான் அவள் பக்கம் சேர்ந்திருந்தது, அன்றைக்குத் தெரியாது.